மியாஜிமா போகிறீர்களா? முதலில் ஓத அட்டவணையைப் பாருங்கள்

கரையோரம் எழுதியது:

வணக்கம் நண்பர்களே. ஜப்பான் பயண இழைகளில் ஹிரோஷிமா பக்கத்திலுள்ள மியாஜிமா தீவு பற்றிய கேள்வி அடிக்கடி வருகிறது. பதிலும் பெரும்பாலும் ஒன்றுதான்: "ஹிரோஷிமாவிலிருந்து அரை நாள் போதும், மதியம் போய்ப் படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடலாம்." இதில் எனக்கு உடன்பாடில்லை. அதனால்தான் இந்த இழை.

அந்தத் தீவின் இட்சுகுஷிமா ஆலயம் நிற்பது, ஓதம் ஏறி வற்றும் ஒரு சின்ன விரிகுடாவின் மணல் பரப்பில். கடல் ஏறியிருக்கும்போது மண்டபங்கள், நடைகள், மேடைகள் எல்லாம் தண்ணீர் மேல் நிற்கும். ஆறு மணி நேரம் கழித்து அதே இடத்தில் மணலும் பாசியும் சிப்பி ஓடுகளும்தான். எல்லாப் படங்களிலும் வரும் அந்தச் செந்நிறத் தோரி வாயிலுக்கு அப்போது நடந்தே போகலாம். ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இடையே நீர்மட்டம் சில நாட்களில் 4 மீட்டர் வரை மாறும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் இந்த வித்தியாசம் அதிகம் என்பதைக் கடற்கரை ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

உள்ளூர் சுற்றுலாச் சங்கம் ஆண்டு முழுவதற்குமான ஓத அட்டவணையை வெளியிடுகிறது. அதில் இரண்டு எண்களை மனதில் வைத்துக்கொண்டால் போதும். 250 சென்டிமீட்டருக்கு மேல் என்றால் ஆலயம் மிதப்பதுபோலத் தெரியும். 100 சென்டிமீட்டருக்குக் கீழே என்றால் தோரியின் அடிவரை நடக்கலாம். இரண்டுக்கும் நடுவில் போனால் சேறும் இல்லாமல் கடலும் இல்லாமல் ஒரு மங்கலான காட்சிதான் கிடைக்கும். "அப்படி ஒன்றும் பெரிதாக இல்லையே" என்று எழுதுபவர்கள் அனேகமாக அந்த நேரத்தில் போனவர்கள்.

ஆகவே நான் சொல்வது இதுதான்: ஒரு ஏற்றம், ஒரு வற்றம், இரண்டையும் பார்க்கும்படி நாளைப் பிரியுங்கள். முடிந்தால் ஒரு இரவு தீவிலேயே தங்குங்கள். கேள்விகள் இருந்தால் கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன்.

நெல்லைச்சீமை எழுதியது:

நல்ல இழை, நன்றி. அக்டோபரில் குடும்பத்தோடு போகிறோம். அம்மாவும் வருகிறார், வயது 70 தாண்டியவர், முழங்கால் வலி உண்டு. ஹிரோஷிமாவுக்கு ஒரு நாள்தான் ஒதுக்க முடிந்தது. அமைதி நினைவு அருங்காட்சியகத்தையும் இந்தத் தீவையும் ஒரே நாளில் பார்ப்பது நடக்கிற காரியமா? அம்மாவால் எவ்வளவு தூரம் நடக்க வேண்டியிருக்கும்?

கரையோரம் எழுதியது:

நடக்கிற காரியம்தான், ஆனால் வரிசையை ஓதம்தான் முடிவு செய்ய வேண்டும். காலையில் ஏற்றம் என்றால் முதலில் தீவு. மாலையில் ஏற்றம் என்றால் முதலில் அருங்காட்சியகம். ஆலயம் காலை 6:30 மணிக்கே திறந்துவிடும், மாலையில் பருவத்தைப் பொறுத்து 5 அல்லது 6 மணிக்கு நடைகளை மூடிவிடுவார்கள். கரையிலிருந்து தோரியைப் பார்ப்பதற்கு நேரக் கட்டுப்பாடு எதுவும் இல்லை. இருட்டிய பிறகு விளக்கொளியும் உண்டு.

ஹிரோஷிமா நிலையத்திலிருந்து மியாஜிமாகுச்சிக்கு ஜே.ஆர். ரயிலில் அரை மணிக்கும் குறைவு. அங்கிருந்து படகில் பத்து நிமிடம். டிராமிலும் போகலாம், ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். அமைதிப் பூங்கா அருகிலிருந்தே தீவுக்கு நேராக ஒரு படகும் இருக்கிறது, 45 நிமிடம். ஆற்றில் நீர்மட்டம் உயர்ந்தால் பாலங்களுக்கு அடியில் புக முடியாமல் அது ரத்தாவதும் உண்டு. இங்கேயும் ஓதம்தான் எஜமான்.

அம்மா விஷயம்: படகுத்துறையிலிருந்து ஆலயத்துக்குக் கரையோரமாகச் சுமார் 15 நிமிட நடை, ஏற்ற இறக்கம் அதிகம் இல்லை. வழியில் உட்கார இடங்கள் இருக்கின்றன. ஆலயத்துக்குள் செருப்பைக் கழற்ற வேண்டாம், அப்படியே நடைகளில் போகலாம். பலகைத் தளம் பெரும்பாலும் சமமாகத்தான் இருக்கும். பலகைகளுக்கு இடையே இடைவெளி உண்டு, கைத்தடி ஊன்றினால் மட்டும் அதைக் கவனித்து ஊன்றச் சொல்லுங்கள். அம்மாவுக்கு நான் வேண்டாம் என்று சொல்வது மிசென் மலை ஒன்றைத்தான். 535 மீட்டர் உயரம். ரோப்வே இருக்கிறது என்று நம்பி ஏறுவார்கள். இறங்கிய இடத்திலிருந்து உச்சிக்கு இன்னும் அரை மணி நேரம் கல்படி ஏறி இறங்க வேண்டும்.

ரயில்பித்தன் எழுதியது:

தீவில் தங்குவது பற்றி ஒரு மாற்றுக் கருத்து. அங்குள்ள விடுதிகளில் கட்டணம் அதிகம், அதிலும் இலையுதிர் காலத்தில் மாதக்கணக்கில் முன்பே நிரம்பிவிடும். நாலு பேர் குடும்பத்துக்கு அந்தப் பணத்தில் ஹிரோஷிமாவில் தாராளமாகத் தங்கலாம். இரவு பத்து மணி தாண்டியும் படகு இருக்கிறது. சூரியன் மறைந்த பிறகு விளக்கொளியைப் பார்த்துவிட்டு நிதானமாகத் திரும்ப முடியும். கடைசிப் படகின் நேரத்தை மட்டும் துறையில் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. இரண்டு படகு நிறுவனங்கள் ஓடுகின்றன. ஜே.ஆர். பாஸ் இருந்தால் ஜே.ஆர். படகில் கட்டணம் இல்லை. 2023 அக்டோபர் முதல் தீவுக்கு வருபவர்களிடம் 100 யென் வரி வசூலிக்கிறார்கள், அதைப் பாஸ் வைத்திருந்தாலும் தனியாகக் கட்ட வேண்டும். பகல் நேர ஜே.ஆர். படகுகள் போகும்போது தோரிக்கு அருகில் வளைந்து போகும். படகு கிளம்பியதும் வலது பக்கம் நின்றுகொள்ளுங்கள்.

கரையோரம் எழுதியது:

செலவு பற்றிச் சொன்னது நியாயம். படகின் வலது பக்கம் என்பதற்கு நான் இன்னொரு காரணம் சேர்ப்பேன். அந்தக் காலத்தில் வழிபட வந்தவர்கள் படகிலேயே தோரிக்குள் நுழைந்துதான் ஆலயத்தை அடைந்தார்கள். தீவையே தெய்வமாகக் கருதியதால், மரத்தை வெட்டி மண்ணைத் தோண்டி அதன்மேல் கட்டத் தயங்கி, ஓதப் பரப்பில் கட்டினார்கள் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் காரணம். பிரசவமும் சாவும் தீவில் நிகழக் கூடாது என்ற தடை நெடுங்காலம் இருந்தது. நிறைமாதப் பெண்கள் எதிர்க்கரைக்குப் போனார்கள். இன்றும் தீவில் இடுகாடு கிடையாது. எனவே வாசல் கடலைப் பார்த்து இருக்கிறது, நாம் தரைவழியாகப் பக்கவாட்டில் நுழைகிறோம். படகில் நெருங்கும் அந்தச் சில நிமிடங்கள்தான் பழைய பக்தர்கள் பார்த்த காட்சிக்கு மிக அருகில் நம்மைக் கொண்டுபோகும்.

மரவேலை எழுதியது:

கட்டுமானத்தில் இருப்பவன் என்பதால் இதில் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் தோரி. இப்போது நிற்பது 1875இல் எழுப்பியது. உயரம் சுமார் 16.6 மீட்டர், எடை 60 டன் அளவில். இது கடல் தரையில் புதைக்கப்படவில்லை. தன் எடையாலேயே நிற்கிறது! அடியில் மணலுக்குள் பைன் மரக் கழிகளை நெருக்கமாக அடித்து இறுக்கி, அதன்மேல் கல் பரப்பி, அதன்மேல் தூண்களை வைத்திருக்கிறார்கள். மேலே குறுக்காகப் போகும் உத்தரம் உள்ளே கூடான பெட்டி. அதற்குள் முஷ்டி அளவுக் கற்கள் கிட்டத்தட்ட 7 டன் நிரப்பியிருக்கிறது. தலைக்கனம்தான் காலை ஊன்ற வைக்கிறது.

இரண்டு பிரதான தூண்களும் கற்பூர மரம். அடிப்பகுதியின் சுற்றளவு ஏறத்தாழ 10 மீட்டர், வளைவுகளைச் செதுக்கி நேராக்காமல் மரம் வளர்ந்த வாக்கிலேயே விட்டிருக்கிறார்கள். கிழக்குத் தூண் கியூஷுவின் மியாசாகியிலிருந்தும் மேற்குத் தூண் ஷிகோகுவின் ககாவாவிலிருந்தும் வந்த மரங்கள். பக்கத்துக்கு இரண்டாக நிற்கும் நான்கு சிறிய கால்கள் தேவதாரு வகை. கற்பூர மரம் பூச்சிக்கும் உப்புநீருக்கும் தாங்கும் என்பதால் தேர்ந்தெடுத்தார்கள். அப்படியும் கரையான் விட்டுவைக்கவில்லை. 2019இல் தொடங்கி 2022 டிசம்பரில் முடிந்த பெரிய பழுதுபார்ப்பில் கூரை, பூச்சு, உளுத்துப்போன மரம் எல்லாவற்றையும் சரி செய்தார்கள். அடிமரம் கெட்டால் முழுத் தூணையும் மாற்ற மாட்டார்கள். கெட்ட பாகத்தை மட்டும் அறுத்தெடுத்து அதே அளவில் புதுமரத்தைக் கோத்து இணைப்பார்கள். வற்றத்தின்போது அருகில் போனால் பழைய மரமும் புது மரமும் சேரும் கோடு கண்ணுக்குத் தெரியும். அந்தக் கோட்டைத் தேடிப் பாருங்கள் என்பது என் வேண்டுகோள்.

அடுத்து நடைகள். கிழக்கும் மேற்கும் சேர்த்து 270 மீட்டருக்கு மேல் நீளம். இரண்டு தூண்களுக்கு இடையே எட்டுப் பலகைகள். அந்தப் பலகைகளை ஒட்ட வைக்காமல் இடைவெளி விட்டுப் போட்டிருக்கிறார்கள். ஓதம் உச்சத்தில் இருக்கும்போது குனிந்து பாருங்கள். பலகைக்கு ஒரு சாண் கீழே தண்ணீர் அசைந்துகொண்டிருக்கும், படகு ஏதாவது போனால் அதன் அலை இடைவெளி வழியாகச் சளக்கென்று எட்டிப் பார்த்துவிட்டு இறங்கும். புயலில் அலை அடியிலிருந்து மோதும்போது தண்ணீர் அந்த வழியாக மேலே வந்துவிடுகிறது, அழுத்தம் தளத்தைப் பெயர்த்துக்கொண்டு போவதில்லை. மேலே வந்த நீரும் அதே வழியில் வடிந்துவிடும். முன்புறம் கடலை ஒட்டிய மேடைகள் அலையை முதலில் வாங்கிக்கொள்கின்றன, பின்னால் இருக்கும் கருவறைக் கட்டடம் தப்பித்துக்கொள்கிறது. அந்தக் காலப் போர்க்குலத் தலைவர் தைரா நோ கியோமோரி 1168இல் இப்போதைய வடிவத்துக்கு விரிவாக்கியபோதே இந்தத் திட்டம் அமைந்துவிட்டது. கட்டடங்கள் எரிந்திருக்கின்றன, இடிந்திருக்கின்றன, திரும்பக் கட்டப்பட்டிருக்கின்றன. அமைப்பு மட்டும் மாறவில்லை.

கோவைக்கிளி எழுதியது:

அற்புதம் மரவேலை அண்ணா. ஒரு சந்தேகம். அந்தக் கோயிலில் இருப்பது நம் சரஸ்வதிதான், மூலத்தில் அது இந்துக் கோயில் என்று ஒரு காணொளியில் பார்த்தேன். அப்படியென்றால் நாம் நம் வழக்கப்படியே கும்பிடலாமா?

கரையோரம் எழுதியது:

தங்கச்சி, காணொளி பாதி உண்மையைச் சொல்லி மீதியை விட்டுவிட்டது. விவரமாகவே எழுதுகிறேன், ஏனென்றால் இந்தக் கூற்று இப்போது நிறைய உலவுகிறது.

ஆலயத்தின் தெய்வங்கள் மூன்று சகோதரிகள்: இச்சிகிஷிமாஹிமே, தகோரிஹிமே, தகித்சுஹிமே. கியூஷுவின் முனகதாவில் வணங்கப்படும் கடல்வழிக் காவல் தேவியர். சூரிய தேவி அமதெராசுவும் அவள் தம்பி சுசனூவும் ஒருவருக்கொருவர் சத்தியம் செய்துகொண்டபோது வாளிலிருந்து பிறந்தவர்கள் என்று ஜப்பானின் மிகப் பழைய நூலான கொஜிகி சொல்கிறது. இவர்கள் அந்த மண்ணின் தெய்வங்கள். ஆலயம் 593இல் தொடங்கப்பட்டது என்பது மரபு.

சரஸ்வதி வந்தது வேறு பாதையில். பௌத்தத்தோடு சீனா வழியாகப் போய் ஜப்பானில் பென்சைதென் ஆனாள். கையில் வீணைக்குப் பதிலாக பிவா என்ற நரம்பு வாத்தியம். நீர், இசை, பேச்சு இவற்றின் தேவி. ஜப்பானின் பூர்வ மதமான ஷிண்டோவும் பௌத்தமும் கலந்து வாழ்ந்த நூற்றாண்டுகளில் இச்சிகிஷிமாஹிமேயும் பென்சைதெனும் ஒருத்தியே என்று மக்கள் நம்பினார்கள். இட்சுகுஷிமாவிலும் பென்சைதென் சிலை இருந்தது. 1868இல் மெய்ஜி அரசு ஷிண்டோவையும் பௌத்தத்தையும் பிரிக்க உத்தரவிட்டதும், அந்தச் சிலை பக்கத்திலிருக்கும் தைகான்ஜி என்ற பௌத்தக் கோயிலுக்குப் போய்விட்டது. ஆலயத்திலிருந்து வெளியே வரும் வழியிலேயே அந்தக் கோயில் இருக்கிறது. ஜப்பானின் மூன்று பெரிய பென்சைதென்களில் இவளும் ஒருத்தி, சிலைக்கு வருடத்தில் ஒரே நாள், ஜூன் 17 அன்றுதான் திரை விலகும்.

ஆகவே நம் ஊர்த் தெய்வம் அங்கே போய்ச் சேர்ந்தது உண்மை. "இது எங்கள் கோயில்" என்று சொல்வது சரியில்லை. முனகதா தேவியரை வணங்கிய மீனவர்களையும் மாலுமிகளையும் கதையிலிருந்து அழித்துவிடுகிறது அது. இரண்டு நம்பிக்கைகளும் பல நூற்றாண்டுகள் ஒரே கூரையின் கீழ் இருந்தன. அதுவே போதுமான பெருமை என்று நினைக்கிறேன்.

கும்பிடுவது பற்றி: நுழைவதற்கு முன் நீர்த்தொட்டியில் அகப்பையால் இடக்கை, பிறகு வலக்கை கழுவி, இடக்கையில் நீர் ஏந்தி வாய் கொப்பளிக்க வேண்டும். அகப்பையில் வாய் வைக்கக் கூடாது. சன்னதியில் காணிக்கை போட்டு, இரண்டு முறை குனிந்து, இரண்டு முறை கைதட்டி, மனதில் வேண்டிக்கொண்டு, ஒரு முறை குனிய வேண்டும். தைகான்ஜியில் கைதட்டல் வேண்டாம், அது பௌத்தக் கோயில். நம் வழக்கப்படி அங்கே கைகூப்பிக் கும்பிடுங்கள்.

இசைப்பித்து எழுதியது:

சரஸ்வதி பேச்சு வந்ததால் நானும் சேர்ந்துகொள்கிறேன். பிரதான மண்டபத்துக்கு முன்னால் கடலைப் பார்த்துச் சிவப்புக் கைப்பிடிகளோடு ஒரு சின்ன உயர்ந்த மேடை இருக்கும். நிறைய பேர் அதைப் படப் பின்னணி என்று நினைத்துத் தாண்டிப் போகிறார்கள். அது புகாகு நடன மேடை. ஒசாகாவின் ஷித்தென்னோஜியிலிருந்து அந்தக் கலையை இங்கே கொண்டுவந்தவர் கியோமோரி என்று சொல்கிறார்கள். ரியோ-ஓ என்ற முகமூடி நடனத்தை ஏதாவது விழா நாளில் பார்க்கக் கிடைத்தால் விடாதீர்கள். தோரி பின்னால் தெரிய, பொன்னிற முகமூடியோடு ஒருவர் மட்டும் ஆடுவார், மேளம் மிக நிதானமாக விழும்.

மேற்குப் பக்கத்தில் நோ நாடக மேடையும் உண்டு. கடல் மேல் கட்டப்பட்ட நோ மேடை. தரையில் இருக்கும் மேடைகளில் அடியில் மண்பானைகள் வைத்து ஒலியைப் பெருக்குவார்கள், இங்கே அடியில் கடல் என்பதால் பானைகள் இல்லை. 1991 புயலில் அந்த மேடை சரிந்து விழுந்தது, 1994இல் திரும்ப எழுப்பிவிட்டார்கள்.

எல்லாவற்றிலும் பெரியது கங்கென்சாய் என்ற விழா. சந்திர நாட்காட்டியின் ஆறாம் மாதம் 17ஆம் நாள், நம் கணக்கில் பௌர்ணமி கழிந்த உடனே வரும் இரவு. தெய்வம் படகில் எழுந்தருளி எதிர்க்கரைக்குப் போய்த் திரும்பும், படகிலேயே குழலும் நரம்பிசையும் நடக்கும். அந்த நாளைத் தேர்ந்தெடுத்ததற்கு ஓத ஏற்றமும் ஒரு காரணம்.

நெல்லைச்சீமை எழுதியது:

படிக்கப் படிக்க ஆசை கூடுகிறது. நாங்கள் சைவம். தீவில் சாப்பாட்டுக்கு என்ன செய்வது? மான்கள் தொல்லை செய்யும் என்றும் கேள்விப்பட்டேன்.

தோக்கியோதமிழ் எழுதியது:

நானே சைவம், அதனால் நேராகச் சொல்கிறேன்: தீவு சிப்பிக்கும் விலாங்கு வகை மீன் சோற்றுக்கும் பெயர்போனது. காய்கறி என்று தெரியும் உணவிலும் சாறு மீனில் எடுத்ததாக இருக்கும். மேப்பிள் இலை வடிவ மொமிஜி மஞ்சு எல்லாக் கடையிலும் சூடாகக் கிடைக்கும், உள்ளே இனிப்புப் பயறு. மேல் மாவில் முட்டை உண்டு. முட்டையும் சாப்பிடாதவர்கள் ஹிரோஷிமாவிலிருந்து பொட்டலம் கட்டிக்கொண்டு போவது உத்தமம்.

அந்தப் பொட்டலத்தைத்தான் மான்கள் மோப்பம் பிடிக்கும். சாதுவானவைதான், ஆனால் காகிதம், பயணச்சீட்டு, வரைபடம் எதையும் விடாது. பையின் பக்கவாட்டு அறையில் செருகியிருந்த வரைபடத்தை ஒரு மான் மெதுவாக உருவி, மடிப்பு மடிப்பாக மென்றதை நின்று பார்த்திருக்கிறேன். உணவு கொடுக்கக் கூடாது என்பது அங்கே விதி. நெகிழியும் காகிதமும் வயிற்றில் சேர்ந்து அவை துன்பப்படுகின்றன, குழந்தைகளுக்கு இதைச் சொல்லிக் கூட்டிப் போங்கள்.

ஆறாம்வீதி எழுதியது:

ஹிரோஷிமாவில் சில காலம் வேலை பார்த்தவன். ஆலயத்துக்குப் பின்னால் இருக்கும் மொமிஜிதானி ஓடையைப் பற்றி யாரும் சொல்லவில்லை, அதனால் எழுதுகிறேன்.

1945 ஆகஸ்டில் குண்டு விழுந்தபோது சுமார் 20 கிலோமீட்டர் தள்ளியிருந்த இந்தத் தீவு தப்பியது. அடுத்த மாதமே, செப்டம்பர் 17 அன்று, மகுராசாகி புயல் வந்தது. மலையிலிருந்து ஓடை வழியாகப் பாறையும் மண்ணும் இறங்கி ஆலயத்துக்குள் புகுந்து நிறைந்துவிட்டது. ஊரே சாம்பலாக இருந்த காலத்தில் அதைத் தோண்டி எடுத்தார்கள். பிறகு 1948இல் தொடங்கிய தடுப்பு வேலையை, ஒரு தோட்டம் அமைப்பதுபோலச் செய்தார்கள். பாறைகளைப் பிளக்காமல், மரங்களை வெட்டாமல், சிமென்ட் வெளியே தெரியாமல் கல்லை அடுக்கினார்கள். இன்று இலையுதிர் காலத்தில் மேப்பிள் பார்க்க அங்கே கூட்டம் கூடுகிறது. பெரும்பாலானவர்களுக்கு அவர்கள் நிற்பது ஒரு வெள்ளத் தடுப்பு என்பதே தெரியாது. நெல்லைச்சீமை சார், அம்மாவால் முடிந்தால் அந்த ஓடைக்கரையில் கொஞ்ச தூரம் நடத்திக் கூட்டிப் போங்கள்.

மலை உச்சிப் பக்கம் போகும் இளைஞர்களுக்கு ஒன்று. மிசெனில் ரெய்காதோ என்ற சிறு மண்டபத்தில், கூக்காய் துறவி ஏற்றியதாகச் சொல்லப்படும் நெருப்பு இன்னும் எரிகிறது. ஹிரோஷிமா பூங்காவின் அமைதிச் சுடரை ஏற்றியபோது இங்கிருந்தும் நெருப்பு எடுத்துப் போனார்கள். காலையில் பூங்கா, மாலையில் மலை என்று போகிறவர்கள் ஒரே நெருப்பை இரண்டு இடத்தில் பார்க்கிறார்கள்.

வற்றத்தில் தோரிக்கு நடந்து போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். தூணின் வெடிப்புகளில் நாணயம் செருகாதீர்கள். உலோகம் துருப்பிடித்து மரத்தைக் கெடுக்கிறது. மரவேலை எழுதியதைப் படித்த பிறகும் யாருக்கும் மனம் வராது என்று நம்புகிறேன்.

ரயில்பித்தன் எழுதியது:

ஓடை விஷயம் எனக்கும் புதிது, நன்றி. கரையோரம், நீங்கள் ஏற்றம் ஏற்றம் என்கிறீர்கள். ஏற்றம் மிக அதிகமானால் என்ன ஆகும்? நெல்லைச்சீமை அக்டோபரில் போகிறாரே.

கரையோரம் எழுதியது:

சரியான கேள்வி. கோடை முடிவிலும் இலையுதிர் காலத் தொடக்கத்திலும் அங்கே கடல்மட்டம் ஆண்டிலேயே உயரமாக இருக்கும். அமாவாசை, பௌர்ணமி ஓதமும் காற்றழுத்தத் தாழ்வும் சேர்ந்துகொண்டால் நடைகளின் பலகைக்கு மேலேயே நீர் வந்துவிடும். அப்போது வடியும்வரை உள்ளே விடமாட்டார்கள். இப்படி மூழ்குவது முன்பைவிட அடிக்கடி நடக்கிறது என்பதுதான் எனக்கு உண்மையிலேயே கவலை தரும் விஷயம். இடைவெளிப் பலகையின் திட்டமெல்லாம் எப்போதாவது வரும் புயலுக்கானது. மாதந்தோறும் மூழ்கும் தளத்துக்கு மரத்தால் எத்தனை காலம் ஈடுகொடுக்க முடியும்?

நெல்லைச்சீமை, உங்கள் தேதிக்கு அட்டவணையில் காலை ஏற்றம் 250ஐத் தாண்டி, மதியத்துக்குப் பிறகு 100க்குக் கீழே இறங்குகிறதா என்று முதலில் பாருங்கள். அப்படி அமைந்தால் காலையில் முதல் படகுகளில் ஒன்றைப் பிடித்து ஆலயத்துக்குள் போய்விடுங்கள். 300 யென் நுழைவுக் கட்டணம். அப்புறம் ஓடைக்கரை, தைகான்ஜி, சாப்பாடு. வற்றியதும் பிள்ளைகள் மணலில் இறங்கித் தோரிக்குப் போகட்டும். மணல் ஈரமாகவும் வழுக்கலாகவும் இருக்கும் என்பதால் அம்மா கரைமதில் பக்கம் உட்கார்ந்து பார்ப்பது நல்லது, அங்கிருந்தே முழுக் காட்சியும் தெரியும். இப்படி ஏற்றம், வற்றம் இரண்டையும் பார்ப்பதென்றால் அன்று அருங்காட்சியகத்துக்கு நேரம் போதாது, அதை முந்தின நாள் மாலைக்கோ மறுநாள் காலைக்கோ தள்ள முடியுமா பாருங்கள். தேதி உறுதியானதும் இங்கே போடுங்கள், அந்த நாளின் ஓத நேரத்தைப் பார்த்து மணிக்கணக்கில் திட்டம் போட்டுத் தருகிறேன்.

நெல்லைச்சீமை எழுதியது:

மிக்க நன்றி. அருங்காட்சியகத்தை முந்தின நாள் மாலைக்கு மாற்றிவிட்டோம். ஒசாகாவிலிருந்து கொஞ்சம் சீக்கிரம் கிளம்பினால் போதும். தீவுக்கு முழு நாள். விமானச் சீட்டு உறுதியானதும் தேதியோடு வருகிறேன்.